வைஃபை அடிக்கடி கட் ஆகிறதா? கோளாறு எங்கே என்று முதலில் பார்ப்போம்

வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பா இரவில் வீடியோ காலில் வருவார். பிள்ளைகள் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நிமிடம் நன்றாக ஓடும், பிறகு முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். நம்மில் பல வீடுகளில் தினமும் நடப்பதுதான் இது.

உடனே நாம் செய்வது, இன்னும் வேகமான பிளானுக்கு மாறுவது. ஆனால் ஒரு வீடியோ காலுக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் வேகம் தடையில்லாமல் கிடைத்தாலே போதும். 50 எம்பிபிஎஸ்ஸை 100 ஆக்கினாலும், கோளாறு வேறு இடத்தில் இருந்தால் மாதா மாதம் கூடுதல் பணம் போவதுதான் மிச்சம்.

வீட்டு இணையத்தில் இரண்டு பாதைகள் உண்டு. தெருவிலிருந்து நம் ரவுட்டர் வரை வரும் லைன் ஒன்று, ரவுட்டரிலிருந்து நம் போன் வரை காற்றில் வரும் வைஃபை மற்றொன்று. எதில் பழுது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே ஒரு போனில் மட்டும் பிரச்சினை என்றால், அந்தப் போனில் வைஃபை பெயரை நீக்கிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டு இணைத்துப் பாருங்கள். எல்லாப் போனிலும் என்றால், ரவுட்டருக்கு இரண்டடி தூரத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். பிறகு படுக்கை அறையில் அதே சோதனை. லேப்டாப் இருந்தால் ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகிப் பார்ப்பது இன்னும் உறுதி. பக்கத்திலேயே மோசம், கேபிளிலும் மோசம் என்றால் பழுது பெரும்பாலும் லைனில். பக்கத்தில் நன்றாகவும் அறையில் மோசமாகவும் இருந்தால், கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

லைன் பழுது என்றால் நம்மால் ஆவது கொஞ்சம்தான். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த மெல்லிய ஒயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம். கட் ஆகும் நேரங்களை மூன்று நாள் குறித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள், புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். "அடிக்கடி வருது, போகுது" என்று சொல்வதைவிட நேரத்தைச் சொன்னால் வேலை நடக்கும்.

நாம் பார்த்த வீடுகளில் அதிகமும் இரண்டாவது பாதையில்தான் கோளாறு. ஒரு உறவினர் வீட்டில் இரண்டு முறை பிளானை உயர்த்தியும் சரியாகவில்லை. போய்ப் பார்த்தால் ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது! ஒயர் உள்ளே வரும் ஜன்னலோரத்திலேயே ஊழியர் மாட்டிவிட்டுப் போயிருந்தார், பிறகு பீரோ வந்தது. இரும்பு, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டித் தண்ணீர் எல்லாம் அலையைத் தடுப்பவை. கான்கிரீட் தளமும் பழைய வீடுகளின் தடித்த சுவர்களும் அப்படியே. வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் ரவுட்டர் இருக்கட்டும். ஒயர் நீளம் போதாவிட்டால் ஊழியரை அழைத்து நீட்டிக்கொள்ளலாம். பிளானை உயர்த்துவதைவிட அது மேல்.

இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான். சமையலறையில் அடுப்பு ஓடும்போது மட்டும் கால் கட் ஆனால் காரணம் இதுதான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூர அறையில் 2.4 என்று இணையுங்கள். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வைஃபைகளும் இடிக்கும். 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. மூன்றில் நெரிசல் குறைந்ததை ரவுட்டர் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கலாம்.

மாடி வீட்டுக்காரர்கள் ரிப்பீட்டர் வாங்கிச் சிக்னலே வராத அறையில் மாட்டிவிடுகிறார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காதபோது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்போதும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரை வைப்பதே நிலையான வழி.

இன்னும் சில. இரவில் மட்டும் கால் தடுமாறினால், யாருடைய போனாவது அந்நேரம் போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா, கண்காணிப்பு கேமரா வீடியோ அனுப்புகிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டர் தானாகவே அணைந்து எரிந்தால் அடாப்டர் பழுதாக இருக்கலாம். புதிதாக வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ரவுட்டர் மறுபடி எழ ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. ஃபைபர் மோடம் தனிப்பெட்டியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள், ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் நெட் வராது.