மூன்றாம் நாள் டிக்கெட்

ஆபீஸில் ஆணி அதிகம், அதனால் எழுதி ரொம்ப நாளாச்சு. இன்றைக்கு எழுத வைத்தது ஒரு சண்டை. வீட்டுச் சண்டைதான், எனக்கும் என் பையனுக்கும். விஷயம் ரஞ்சி டிராபி. "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்று தங்கமணி டிவியை அணைத்துவிட்டுப் போனதோடு முதல் ரவுண்டு முடிந்தது.

நான் திருநெல்வேலியிலிருந்து 1996-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவன். பையன் செம்பூரிலேயே பிறந்தவன். இப்போது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் படிக்கிறான் (படிக்கிறான் என்பது ஒரு மரியாதைக்கு. கல்லூரி அணியில் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் பாட்டில் தூக்குகிறான்). ஐ.பி.எல். வந்தால் எங்கள் வீடு முழுக்க மஞ்சள். ரஞ்சி வந்தால் வீடு ரெண்டு. நான் தமிழ்நாடு, அவன் மும்பை.

"முக்கியமான மேட்ச்ல உங்க டீம் எங்ககிட்ட என்னப்பா கிழிச்சிருக்கு?" என்றான். கோபம் வந்தது. அதைவிட அந்த "உங்க", "எங்க" ரெண்டும் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பயல் சொன்னதில் பெரிய பிசகு இல்லை. 1967-68 இறுதி, 1972-73 இறுதி, 2002-03 இறுதி, 2003-04 இறுதி, 2016-17 அரையிறுதி, 2023-24 அரையிறுதி. ஆறும் அவர்களுக்கே. நாம் கோப்பையைத் தூக்கியது 1954-55-லும் 1987-88-லும். அவர்கள் 2024 வரைக்கும் தூக்கியது 42 தடவை.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

என் பெரியப்பா டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் என்ற இரண்டு காகிதங்களை நம்பி 1964-ல் மாட்டுங்காவுக்கு வந்தவர். ஒரு அறையில் நாலு பேர், சாப்பாடு மெஸ்ஸில். அன்றைய பம்பாய்த் தமிழர் பாதிப்பேரின் கதை இதுதான். மீதிப்பேர் தாராவியில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. அவர் பக்கத்து மேஜைக்காரர் அந்த அணியில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார், ஒரு டீ குடிப்பார், கிட் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். அவருடைய கடிதங்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்தது பெரியப்பா. "வேலை எனக்கு, இன்க்ரிமென்ட் அவனுக்கு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் டைம்ஸ் ஷீல்டு ஆட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவாராம். கம்பெனி தோற்றால் ராத்திரி சாப்பிட மாட்டாராம்.

அமெரிக்காவில் அக்கா பையன் ஆன் ஆர்பரில் இருக்கிறான். அங்கே கல்லூரிக் கால்பந்து பார்க்க ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம் உட்காரும் மைதானம் இருக்கிறது என்று போட்டோ அனுப்புவான். 2021-லிருந்து கல்லூரிப் பையன்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசும் பார்க்கலாமாம். இங்கே என் பையனின் கல்லூரி மேட்சுக்கு வருவது நானும், எதிரணிப் பையன் ஒருவனின் தாத்தாவும், டீக்காரரும். அந்தத் தாத்தாவும் வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார். அமெரிக்காவில் விளையாட்டுக்காரனுக்குக் கல்லூரி செய்ததை நம் ஊரில் ஆபீஸ்தான் செய்தது. அதை எல்லாரையும் முந்திச் செய்த ஊர் பம்பாய். கவாஸ்கருக்கு நிர்லான், வடேகருக்கு ஸ்டேட் பாங்க், வெங்சர்க்கருக்கு டாடா. சென்னையிலும் இந்தியா சிமென்ட்ஸ், கெம்பிளாஸ்ட் எல்லாம் பின்னால் இதையே செய்தன, நன்றாகவும் செய்தன. ஆகவே வேலை கொடுத்ததால் மட்டும் பம்பாய் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன்.

என் கட்சி வேறு. பம்பாய் ஜெயித்தது அசௌகரியத்தால்.

1948-ல் ஆரம்பித்த காங்கா லீக் என்று ஒன்று உண்டு. டாக்டர் எச்.டி. காங்கா பெயரில். உலகத்தில் புத்தியுள்ளவன் எவனும் மழைக்காலத்தில் கிரிக்கெட் வைக்க மாட்டான். இவர்கள் மழைக்காலத்துக்கென்றே வைத்தார்கள். பிட்ச்சை மூடுவது கிடையாது. புல் கணுக்கால் உயரம், பந்து நீரில் ஊறிய பஞ்சு மாதிரி. ஒரு பந்து தலைக்கு மேல் போகும், அடுத்தது காலடியில் உருளும். அந்தச் சேற்றில் டெஸ்ட் வீரரும், பதினெட்டு வயதுப் பையனும், ஐம்பது வயது பாங்க் மேனேஜரும் சேர்ந்து ஆடுவார்கள். பேர் பெற்றவன் என்பதற்காகப் பந்து நேராக வராது.

மாட்டுங்காவில் தட்கர் மைதானம் இருக்கிறது, தாதர் யூனியனின் இடம். கவாஸ்கர், அவருடைய மாமா மாதவ் மந்திரி, வெங்சர்க்கர் எல்லாம் அந்தக் கிளப்தான். தாதர் யூனியனும் சிவாஜி பார்க் ஜிம்கானாவும் மோதினால் அந்தக் காலத்தில் ஆபீஸ்களில் அரை நாள் லீவு குவியும். பக்கத்திலேயே போதார் கல்லூரி. வெங்சர்க்கரும் ரவி சாஸ்திரியும் அங்கே படித்தவர்கள். சாஸ்திரி அதற்கு முன் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி. 1977-ல் அவர் தலைமையில் அந்தப் பள்ளி ஜைல்ஸ் ஷீல்டை வென்றது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்தவர்கள் நம் ஆட்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1966-ல் சிவசேனா ஆரம்பமானது. முதல் சில வருஷங்கள் அதன் குறி தென்னிந்திய குமாஸ்தாக்கள்தான். லுங்கிக்காரர்களை விரட்டு என்ற கோஷம் சுவரெல்லாம். அந்தச் சூட்டில்தான் 1967-68 இறுதி ஆட்டம், பிரபோர்ன் ஸ்டேடியத்தில், பம்பாயும் மெட்ராஸும். பெரியப்பா போயிருந்தார். "வேஷ்டி கட்டலை, பேண்ட் போட்டுக்கிட்டுப் போனேன். வாயைத் திறக்கலை. பம்பாய் விக்கெட் விழுந்தா மனசுக்குள்ளயே கை தட்டிக்கிட்டேன்" என்பார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் பம்பாய்க்குக் கோப்பை. வெளியே வந்து மராத்திக்காரர்களோடு சேர்ந்து அவரும் இனிப்பு சாப்பிட்டாராம். "நல்லாத்தாம்டே இருந்துச்சு" என்று சேர்த்துக்கொள்வார்.

அடுத்தது 1973, சேப்பாக்கம். பழிவாங்கும் படலம்! பம்பாய் 1958-59-லிருந்து தொடர்ந்து பதினாலு தடவை சாம்பியன். நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும். பந்து சுழலும் பிட்ச், வீட்டு மைதானம், நம் ஜனம். இதைவிட என்ன வேண்டும்? பம்பாய் முதல் இன்னிங்ஸில் 151-க்குச் சுருண்டது. என் சின்ன மாமா அப்போது தாம்பரத்தில் இருந்தார். முதல் இரண்டு நாள் லீவு கிடைக்காததால் மூன்றாம் நாளுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

தமிழ்நாடு 80-க்கு ஆல் அவுட். பத்மாகர் சிவால்கர் என்ற இடது கை சுழல்பந்துக்காரர் 16 ரன் கொடுத்து 8 விக்கெட். பம்பாய் இரண்டாவது இன்னிங்ஸில் 113. மறுபடி நாம் 61. சிவால்கர் 18 ரன்னுக்கு 5. 123 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஆட்டம் முடிந்தது இரண்டு நாளும் ஒரு பந்தும் ஆன பிறகு. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே கடைசி விக்கெட்.

இதை நம் ஊரில் சிவால்கரின் மாயம் என்றுதான் சொல்வார்கள். மாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்ப்பது அந்த 151-ஐ. அப்பேர்ப்பட்ட பிட்ச்சில் 151 என்பது 350-க்குச் சமம். வருஷா வருஷம் சேற்றில் ஆடி வளர்ந்தவர்களுக்கு நாம் குழி தோண்டி வைத்தோம். அவர்கள் பிறந்ததே அந்தக் குழியில். வீட்டில் விழுந்தவர்கள் நாம்.

இப்போது 2024. வரலாறு திரும்புமா என்றால், கோயம்புத்தூரில் காலிறுதியில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் அடித்துவிட்டு நம்மவர்கள் அரையிறுதிக்கு மும்பை வந்தார்கள். இடம் பி.கே.சி. மைதானம், மித்தி நதிக்கு அந்தப் பக்கம் தாராவி. மார்ச் 2, சனிக்கிழமை. செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து நானும் பையனும் போனோம். சாய் கிஷோர் டாஸ் ஜெயித்தார், பேட்டிங் என்றார். பச்சைப் பசேலென்று புல். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். 146-க்கு ஆல் அவுட். மேட்ச் முடிந்தபின் நம் கோச் சுலக்ஷன் குல்கர்னி, அவரும் மும்பைக்காரர்தான், டாஸ் முடிவை வெளிப்படையாகவே குறை சொன்னார். முடிவு தப்பு, சரி. ஆனால் கேப்டனைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் விட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் மும்பை 106-க்கு 7. சாய் கிஷோர் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையாவது என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்போது வந்தார் ஷர்துல் தாக்கூர். 109. முதல்தர கிரிக்கெட்டில் அவருக்கு அதுதான் முதல் சதம், அதை நமக்கென்று எடுத்து வைத்திருந்தார் போல. தனுஷ் கோட்டியான் 89 நாட் அவுட். மொத்தம் 378. அதற்கு முந்தின காலிறுதியில் கோட்டியானும் துஷார் தேஷ்பாண்டேவும் பத்தாவது, பதினோராவது ஆளாக வந்து ஆளுக்கொரு சதம் அடித்த அணி அது. கடைசி ஆள்வரைக்கும் விக்கெட்டைக் கொடுக்க மனசு வராத இந்தக் குணத்துக்கு மும்பையில் 'கடூஸ்' என்று பெயர். மூன்றாம் நாளே முடிந்தது, இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்.

வேடிக்கை என்ன தெரியுமா? மும்பைக்கு அன்று கேப்டன் ரஹானே. 2023 ஏப்ரலில் வான்கடேயில் மும்பை இந்தியன்ஸை 27 பந்தில் 61 அடித்து நொறுக்கியபோது நானும் பையனும் சேர்ந்து விசிலடித்தோமே, அதே ரஹானே. ஷர்துலும் தேஷ்பாண்டேவும் அந்த மாதமே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போக வேண்டியவர்கள். நம் பக்கம் சாய் கிஷோரும் சாய் சுதர்சனும் குஜராத், வாஷிங்டன் சுந்தர் ஹைதராபாத். மும்பை அணியில் ஷ்ரேயஸ் ஐயர், செம்பூரில் பிறந்து டான் பாஸ்கோவிலும் போதாரிலும் படித்தவர், அப்பா சந்தோஷ் ஐயர் தமிழர். 3 ரன்னில் அவுட். நான் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு பெல்ட் வாங்கத் தாராவி வழியாக வந்தோம். தோல் கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். தாத்தா காலத்தில் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சில் இன்னும் எங்கள் ஊர் வாசம். கல்லாவுக்குப் பின்னால் தோனி படம். "மேட்ச்சா பாத்துட்டு வாறீய? நாம ஜெயிச்சாச்சுல்லா அண்ணே!" என்றான்.

எந்த நாம என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பையன்தான் "ஆமா, இன்னிங்ஸ் வின்" என்று அவனோடு கை குலுக்கினான். பெல்ட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தும் கொடுத்தான்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, 2025 மார்ச் 3-ம் தேதி சிவால்கர் காலமானார். வயது 84. முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட், ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பிஷன் பேடி இருந்த காலத்தில் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. செய்தியைப் படித்துவிட்டு பையனிடம் 1973 கதையைச் சொன்னேன். இந்தத் தடவை கிண்டல் செய்யாமல் முழுசாகக் கேட்டான். பிறகு, "அந்த மூணாவது நாள் ஒரு பந்து, அது எப்படிப்பா விழுந்துச்சு?" என்றான்.

எனக்கென்ன தெரியும்? தாம்பரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். நாலு தடவை கத்திக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

"ஒரு பந்துதானேடா! கேட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்னு நின்னேன். கிளாஸைக் கீழ வைக்கலை, உள்ள போனவன் எல்லாம் வெளிய வாரான்."