தொழிலும் பாடசாலையும்: 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பற்றிய சில சிந்தனைகள்

பாடசாலை மாணவருக்குத் தொழில் பயிற்றல் வேண்டும் என்னும் கோரிக்கை இலங்கைக்குப் புதியதன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1930களில், கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஆரம்பமான கிராமியக் கல்வித் திட்டம் விவசாயத்தையும் கைப்பணியையும் பாடசாலையோடு இணைக்க முயன்றது. அவர் தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையும் செயன்முறைப் பாடசாலைகளை விதந்துரைத்தது. அக்குழு விதந்துரைத்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்து வேரூன்றியது. செயன்முறைப் பாடசாலைகளோ வேரூன்றவில்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. குடியேற்றவாத ஆட்சியில் எழுதுவினைஞர் உத்தியோகமே வருவாய்க்கும் மதிப்புக்கும் வாயிலாக இருந்தது. மிசன் பாடசாலைகளிற் கற்றுக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்ற யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் இதற்குத் தக்க சான்றாகும். இலவசக் கல்வியை மக்கள் அவ்வாயிலின் திறவுகோலாகவே கண்டனர்.

1971 ஏப்ரல் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த இளைஞரின் பிரச்சினையை ஆளுவோர் முன் நிறுத்தியது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கிடைக்கக்கூடிய வேலைகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலான பொருந்தாமையைச் சுட்டிக்காட்டியது. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசியப் பயிலுநர் சட்டமும், 1972இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தமும் இப்பின்னணியில் வைத்து நோக்கப்படவேண்டியவை. 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. பிரதேசத் தொழில்களே அவற்றின் அடிப்படையாயின. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரிக்கும் சுவரைத் தகர்க்கும் நோக்கு அவற்றிலே தொக்கிநின்றது. உற்பத்தி உழைப்பைக் கல்வியோடு இணைப்பதிலே எதிர்காலக் கல்வியின் வித்தினைக் கண்டவர் மார்க்ஸ். ஆகவே, அந்நோக்கு முற்போக்கானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயின் நோக்கு வேறு, அது நிலைகொள்ளும் சமூகத் தளம் வேறு. வடபுலத்திலே தொழில் வெறுமனே தொழிலாக இருந்ததில்லை. அது பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் சித்திரிப்பது அச்சமூகத்தையே. தலைமுறை தலைமுறையாக மரமேறியவனின் மகன் பாடசாலையை நாடியது அத்தொழிலினின்றும் விடுபடுவதற்காக. அவனிடம் பாடசாலையே பிரதேசத் தொழிலைப் பற்றிப் பேசியபோது, அதனை விடுதலையின் குரலாக அவன் எவ்வாறு கேட்டிருக்க முடியும்? அதே காலப்பகுதியில் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலைத் தமிழ் மாணவருக்குக் குறுக்கியது. இந்நிலையில் தொழிற்பாடங்கள் ஐயத்தோடு நோக்கப்பட்டிருப்பின் அதில் வியப்பில்லை.

மற்றொரு முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. பயிலுநர் சட்டம் பாடசாலையை விட்டு விலகிய இளைஞரைப் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பியது. தொழின்முன்னிலைப் பாடமோ வகுப்பறைக்குள்ளும் பரீட்சைத்தாளுக்குள்ளும் அடங்கியது. ஒன்றிலே தொழிலிருந்தது, பாடசாலை இல்லை. மற்றதிலே பாடசாலை இருந்தது, தொழிலில்லை. பயிற்சிபெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதாமை இக்குறையை மேலும் பெருக்கியது. 1977இல் ஆட்சி மாறியபின் சீர்திருத்தம் இலகுவாகவே கைவிடப்பட்டது. அதனைத் தமதென்று காக்க முன்வரக்கூடிய உழைக்கும் மக்கள், அதன் ஆக்கத்திலே பங்காளராக்கப்பட்டிருக்கவில்லை என்பதே நமது கருத்து.

இது பழங்கதையன்று. 2017இல் 42 பாடசாலைகளில் ஆரம்பமான 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடையாதோரும் 12ஆம் தரத்திலே தொழிற்றுறைப் பிரிவிற் கற்க வழிசெய்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடே அது. எனினும், தோற்றவனுக்குத் தொழில், வென்றவனுக்குப் பல்கலைக்கழகம் என்ற பாகுபாடு நீடிக்குமாயின், பழைய சுவர் புதிய வர்ணத்துடன் நிலைத்துநிற்கும். வைத்தியராகப் போகும் மாணவியும் ஒருமுறை உளி பிடிக்கவேண்டும். தச்சனாகப் போகும் மாணவனும் இலக்கியமும் வரலாறும் கற்கவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழாதவரை, தொழிற்கல்வி என்பது ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட கல்வியின் மறுபெயராகவே இருக்கும்.