தாவும் மரபுக்கூறுகள்: ‘பயன்’ எந்த இடத்தில் தொடங்குகிறது?

மக்காச்சோள மணிகளில் தென்பட்ட நிறப்புள்ளிகளைத் தொடர்ந்து சென்ற பார்பரா மெக்ளின்டாக், குரோமோசோமில் சில கூறுகள் இடம் மாறுகின்றன என்று 1940களின் இறுதியில் கண்டார். மரபணுக்களை ஆட்டுவிக்கும் ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’ என்றே அவற்றைக் கருதினார். 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இரு கட்டுரைகள், ஒன்று டூலிட்டிலும் சப்பியென்சாவும் எழுதியது, மற்றது ஆர்கெலும் கிரிக்கும் எழுதியது, அதை மறுதலையாக வாசித்தன: தன்னைப் பெருக்கிக்கொள்வதைத் தவிர இத்தகைய டி.என்.ஏ.வுக்கு வேறு காரணம் தேவையில்லை. மெக்ளின்டாக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. ஒரு கூறு ஏன் பரவியது, பரவியபின் செடிக்கு என்ன ஆனது என்ற இரு கேள்விகளை இரு தரப்பும் ஒன்றாக்கிவிட்டதே இதற்குக் காரணம் என்பது என் வாதம்.

மக்காச்சோளத்தின் டிபி1 மரபணுவை எடுத்துக்கொள்வோம். கிளைத்துப் புதராய் நிற்கும் தியோசின்டேவிலிருந்து ஒற்றைத் தண்டுப் பயிர் உருவானதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மரபணுவுக்குச் சுமார் 60,000 கார இணைகள் முன்னே ‘ஹாப்ஸ்காட்ச்’ என்னும் தாவும் கூறு (ரெட்ரோட்ரான்ஸ்போசான்) அமர்ந்து அதன் வெளிப்பாட்டை உயர்த்துகிறது. ஆனால் அது அங்கே வந்து சேர்ந்தது, மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் உழவர் அச்செடியைப் பழக்குவதற்கு வெகுகாலம் முன்பே. காட்டுச் செடிகளிலும் அது காணப்படுகிறது. உழவர் தேர்ந்தது, ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒரு விபத்தை. பயன் அதை அங்கே கொண்டுவரவில்லை.

நெல் இன்னும் நல்ல சாட்சி. ‘எம்பிங்’ 430 கார இணைகள் மட்டுமே கொண்ட கூறு. தாவுவதற்கான நொதியைத் தானே செய்துகொள்ளாது, ‘பிங்’ என்னும் கூறிடமிருந்து கடன் வாங்கும். நிப்பன்பாரே ரகத்தில் அதற்கு ஏறத்தாழ 50 பிரதிகள். இஜி4 என்னும் ஜப்பானிய வரிசையிலோ ஆயிரத்தை ஒட்டிய பிரதிகள். புதிய பிரதிகள் அருகில் வந்து விழுந்த சில மரபணுக்கள் குளிருக்கும் உப்புக்கும் எதிர்வினை காட்டத் தொடங்கின. இதைக் காட்டி எம்பிங்கைச் செடியின் தோழன் என்பவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. புதிய பிரதிகள் புரதத்துக்குரிய பகுதிகளில் அரிதாகவே காணப்படுகின்றன. இன்றியமையாத மரபணுவை உடைத்தால் செடியோடு கூறும் அழியும். தீங்கு குறைந்ததால் தங்கியதைத் தோழமை என்று எண்ணிவிடுகிறோம்.

அதே நெல் பேரினத்தில் ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் வேறு பாதை சென்றது. மூன்று ரெட்ரோட்ரான்ஸ்போசான் குடும்பங்கள் கடந்த 30 லட்சம் ஆண்டுகளில் அதன் மரபணுத்தொகுதியை இரட்டித்தன. இந்தப் பெருக்கத்துக்கு ஈடான ஆதாயத்தை யாரும் காட்டியதில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை. பொருந்தாத மறுசேர்க்கையால் பழைய பிரதிகள் கழிவதும் புதியவை சேர்வதும் சமநிலை பெறாத காலங்களில் தொகுதி பெருக்கிறது, அவ்வளவுதான்.

தாவும் கூறுகளைச் செடி வழக்கமாக மெத்தில் ஏற்றத்தாலும் சிற்றார்.என்.ஏ.க்களாலும் அடக்கும். அப்படியானால் எம்பிங்கை அவை ஏன் அடக்கவில்லை? செடி எம்பிங்கை அடையாளம் காண்கிறது. ஆனால் நொதிக்கான பகுதி பிங்கில் மட்டுமே இருப்பதால், எம்பிங்குக்கு எதிரான சிற்றார்.என்.ஏ. அந்த நொதியின் ஊற்றை அடைப்பதில்லை.