ஆலயத்திற் கருவியிசை

எக்காளம், யாழ், மத்தளம், கைத்தாளம் ஆகியவற்றால் இறைவனைத் துதிக்குமாறு விவிலியத்தின் 150ஆம் சங்கீதம் பணிக்கின்றது. ஆயினும் ஆதித் திருச்சபைப் பெரியோர் கருவியிசையை வழிபாட்டினின்றும் விலக்கினர். உரோமரின் களியாட்டங்களோடும் பிற தெய்வச் சடங்குகளோடும் குழலும் பறையும் பிணைந்திருந்தமை அதற்கு ஒரு காரணமாகும். கீழைத் திருச்சபைகளுட் பல இன்றும் வாய்ப்பாட்டையே போற்றுகின்றன. 16ஆம் நூற்றாண்டிலே கல்வின் என்பார், கருவிகள் பழைய ஏற்பாட்டுக் காலத்துக்கே உரியவை என்றும், நற்செய்தியைப் பெற்றோர்க்கு அவை வேண்டியதில்லை என்றும் போதித்தார்.

கல்வினது நெறியைத் தழுவிய ஒல்லாந்தர், இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். அப்பொழுது மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் 1670ஆம் ஆண்டிலே மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து வன்னிக் காட்டு மருதமடுவை அடைந்தனர் என்பது மரபு. ஒளித்து வழிபடுவோர் முரசறைந்து பாட இயலுமோ? கல்வினுக்குக் கொள்கையாயிருந்த கருவியின்மை, அவர்களுக்கு உயிர்காக்கும் எச்சரிக்கையாய் அமைந்திருக்கும்.

தஞ்சையிலே இப்பிணக்கு வேறு வடிவங் கொண்டது. அங்கு எழுந்த வினா, ‘இசை வேண்டுமா?’ என்பதன்று, ‘எவருடைய இசை?’ என்பதே. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இராகங்களிற் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றினார். புதிதாக வந்த மிஷனரிமார் சிலர் தமிழிசையை ஆலயத்தினின்றும் அகற்ற முற்பட்டபோது, அதனைக் கொடுமைகளுள் ஒன்றென அவர் கண்டித்தெழுதினார். சாதி வேற்றுமையை ஒழிக்க மிஷனரிமார் செய்த முயற்சியையும் அவர் கொடுமையென்றே கொண்டார். இசையைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதியைப் பொறுத்தவரை அது இருக்கவில்லை. இரண்டையும் பிரித்தறிதல் வரலாறு படிப்போர் கடன்.

அவர் வாழ்நாளிலேயே, 1853இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்த மதுரை மிஷனோ யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து 1834இற் கிளைத்ததாகும்.

கத்தோலிக்க சபையில் இம்மாற்றம் தாமதித்தே வந்தது. பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1903இலே பியானோவையும் மேளம், கைத்தாளம் முதலியவற்றையும் ஆலயத்தில் விலக்கினார். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழலோர்கனின் சிறப்பைப் பேணியவாறே, திருவழிபாட்டுக்குத் தகுதியுடைய பிற கருவிகளுக்கும் இடமளித்தது. அவ்வந்நாட்டு இசைமரபை மதிக்கவும் பணித்தது.

மருதமடுவில் ஒளித்து வழிபட்டோரின் வழித்தோன்றல்கள், தம் நாட்டு மத்தளத்தைப் பூசையிலே முழக்கும் உரிமையைப் பெற ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.