அரியக்குடியிலிருந்து ஜித்தா: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

உம்ராவுக்குப் பெற்றோரை அனுப்பும் குடும்பங்கள் நம்மிடம் முதலில் கேட்பது, "சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?" என்பதுதான். டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். ஆகவே வீட்டு வாசலில் இருந்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.

விமானத் தூரம்

சென்னை – ஜித்தா நேர்கோட்டுத் தூரம் சுமார் 4,440 கி.மீ. நேரடி விமானம் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் போய்ச் சேரும். திரும்பி வரும்போது பெரும்பாலும் அரை மணி நேரம் வரை குறையும்.

கடிகாரக் கணக்கு

சவூதி நேரம் நம் நேரத்தைவிட 2½ மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்பட்டால், ஜித்தாவில் இறங்கும்போது அங்கே பகல் 1.30, நம் ஊரில் மாலை 4 மணி. திரும்பும்போது இது தலைகீழ். அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால், சென்னையில் அதிகாலை 4 மணி ஆகிவிடும்.

வீட்டிலிருந்து மக்கா வரை

சென்னை வழி: அரியக்குடியிலிருந்து சென்னைக்கு 400 கி.மீ.க்கு மேல், சாலையில் 7 முதல் 8 மணி நேரம். விமான நிலையத்தில் 4 மணி, விமானத்தில் 6 மணி, ஜித்தாவில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் 2 மணி, மக்காவுக்கு ஒன்றரை மணி. மொத்தம் சுமார் 21 மணி நேரம்.

திருச்சி வழி: சாலைப் பயணம் 2 மணி நேரம்தான். ஆனால் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாற வேண்டும். துபை வழி என்றால் தூரம் சுமார் 4,640 கி.மீ. இடையில் 4 மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்.

நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முட்டி வலி உள்ளவர்களுக்கு நீண்ட சாலைப் பயணம் சிரமம். தனியாகப் போகிறவர்களுக்கு விமானம் மாறுவது சிரமம். யார் போகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இஹ்ராம்

நேராக மக்கா செல்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே விமானம் மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். அதற்குள் இஹ்ராம் உடையணிந்து நிய்யத் வைத்திருக்க வேண்டும். பொதுவாக விமானத்தில் அறிவிப்பு வரும். தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்கள் முன்கூட்டியே நிய்யத் வைத்துக்கொள்ளலாம். விமானம் மாறிச் செல்பவர்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஜித்தாவில்தான் கைக்கு வரும். முதலில் மதீனா செல்பவர்கள் அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

நோன்பும் மருந்தும்

மேற்கு நோக்கிப் பறக்கும்போது பகல் நீளும். நோன்பு வைத்திருப்பவர் ஊர் நேரத்தைப் பார்த்துத் திறக்க முடியாது. விமானத்தில் இருந்து பார்க்கும்போது சூரியன் மறைய வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்சுலின், மாத்திரை, மருத்துவர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். 2½ மணி நேர மாற்றத்துக்கு மருந்தை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு, தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அல்லாஹ் பயணங்களை இலேசாக்கி வைப்பானாக.