டேவன்போர்ட் குழந்தைகளும் ஒரு எம்.ஏ. மாணவியும்

சி.ஏ. படிப்பவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் எப்படியோ, அமெரிக்காவில் பேச்சு சிகிச்சைத் துறையில் முதுகலை படிப்பவர்களுக்கு கிளினிக் பயிற்சி அப்படி. பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினாலும் அது மட்டும் போதாது. 400 மணி நேரப் பயிற்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 25 மணி நேரம் மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, மீதி 375 மணி நேரம் நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்வது. ஒவ்வொரு நோயாளியோடும் மாணவர் செலவிடும் நேரத்தில் குறைந்தது கால் பங்காவது, தகுதி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். இது அந்தத் துறையின் சங்கமான ஆஷா வைத்திருக்கும் விதி.

மாணவர்கள் செய்யும் வேலைக்கு எதற்கு இத்தனை கண்காணிப்பு? அதைப் புரிந்துகொள்ள 1939க்குப் போக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1920களில் பேச்சுக் குறைபாட்டை ஆராய்வதற்கு அமெரிக்காவில் பெயர் போன இடம் அயோவா பல்கலைக்கழகம். லீ எட்வர்ட் டிராவிஸ் என்பவர் அங்கே பேச்சு கிளினிக்கை நடத்தினார். படிக்க வந்தவர்களில் சிலருக்கே திக்குவாய் இருந்தது! அப்படி 1926ல் வந்தவர்தான் வெண்டெல் ஜான்சன். குணமாக வழி கிடைக்குமா என்று தேடி வந்தவர், அங்கேயே பேராசிரியர் ஆனார்.

அன்றைக்குத் திக்குவாய்க்குக் காரணம் மூளையில் இருக்கிறது என்று பலர் நம்பினார்கள். ஜான்சனுக்கு வேறு ஒரு சந்தேகம். சின்னக் குழந்தைகள் எல்லாருமே பேசும்போது கொஞ்சம் தடுமாறுவார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்து "உனக்குத் திக்குகிறது" என்று பெயர் வைத்துவிடுவதால்தான் அது நிஜமான திக்குவாயாக மாறுகிறது என்று அவர் நினைத்தார். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை மேரி டியூடர் என்ற எம்.ஏ. மாணவியிடம் வந்தது. ஜான்சன்தான் கைடு. டியூடருக்கு அப்போது இருபதுகளின் ஆரம்ப வயது.

சோதனை நடந்த இடம் டேவன்போர்ட் நகரில் இருந்த அரசு அனாதை விடுதி. 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 10 பேருக்கு ஏற்கெனவே திக்குவாய், 12 பேர் சாதாரணமாகப் பேசுபவர்கள். அந்த 12 பேரில் 6 பேரிடம், "உனக்குத் திக்க ஆரம்பித்திருக்கிறது, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் பேசு" என்று சொல்லப்பட்டது. விடுதி ஊழியர்களிடமும் அப்படியே சொல்லி, அந்தக் குழந்தைகளின் பேச்சைத் திருத்தச் சொன்னார்கள். பாவம், தங்களுக்கு ஏதோ பேச்சுப் பயிற்சி கிடைக்கிறது என்றே குழந்தைகள் நினைத்தார்கள். தட்டிக் கேட்க அப்பா அம்மாவும் இல்லை.

ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகளில் சிலர் வாயைத் திறக்கவே தயங்கினார்கள், வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். டியூடர் இதையெல்லாம் தன் ஆய்வேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சோதனை முடிந்த பிறகும் மனசு கேட்காமல் மூன்று முறை விடுதிக்குப் போய், "உங்கள் பேச்சில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். முழுதாகச் சரி செய்ய முடியவில்லை.

ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. ஜான்சன் அதைக் கட்டுரையாக வெளியிடவில்லை. துறைக்குள் விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மான்ஸ்டர் ஸ்டடி'. ஜான்சன் 1965ல் பெரும் புகழோடு காலமானார். 2001ல் கலிபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' பத்திரிகை எழுதிய பிறகுதான், வயதாகிவிட்ட அந்தக் குழந்தைகளுக்கே உண்மை தெரிந்தது. பல்கலைக்கழகம் அதே வருடம் மன்னிப்புக் கேட்டது. வழக்கு நடந்து, 2007ல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்கு 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1939ல் ஏற்பட்ட கடன், 68 வருடம் எந்தக் கணக்கிலும் ஏறாமலே கிடந்திருக்கிறது!

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002ல் ஆம்ப்ரோஸ், யாய்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வேட்டை மறுபடி அலசினார்கள். அந்தக் குழந்தைகள் யாரும் உண்மையில் திக்குவாய்க்காரர்களாக மாறியதற்கு அதில் ஆதாரம் இல்லை என்றார்கள். ஆக, ஜான்சனின் கருத்தும் நிரூபணமாகவில்லை. குழந்தைகள் பட்ட வேதனைதான் மிச்சம்.

இன்றைய பயிற்சி விதிகள் இந்தச் சம்பவத்தால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வேடு அத்தனை காலம் நூலகத்தில் தூங்கியதே. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் தேசிய அளவில் சட்டம் வந்தது 1974ல், வேறு காரணங்களால். ஆனால் அந்த விதிகள் ஏன் தேவை என்பதற்கு டேவன்போர்ட்டை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டியூடருக்குக் கைடு இல்லாமல் இல்லை. துறையிலேயே பெரிய கைடு இருந்தார். ஆனால் அவர் கவனித்தது தன் கருத்தை, மாணவி கவனித்தது தன் பட்டத்தை. எதிரே உட்கார்ந்திருந்த குழந்தையைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. 400 மணி நேரம் என்ற கணக்கு மாணவருக்காக. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி அந்தக் குழந்தைக்காக. இது மறந்து போனால் எத்தனை மணி நேரம் எழுதிக் காட்டினாலும் அது வெறும் கணக்குதான்.