சாங் அபானா: சவுக்கும் நிழலும்

ஹொனலுலு காவல்துறையில் 1898 முதல் 1932 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர் சாங் அபானா. ஐந்தடி உயரம், மெலிந்த உடல், தலையில் பனாமா தொப்பி. துப்பாக்கியை அவர் நம்பவில்லை. கையில் ஒரு தோல் சவுக்கு வைத்திருந்தார். அவர் பெயர் ஹவாய்க்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அவரிடமிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் சார்லி சானைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் குறைவு.

1871இல் ஓவாஹூ தீவில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் சாங் ஆ பிங். ஹவாய்க்காரர்களின் நாவில் 'ஆ பிங்' 'அபானா' ஆயிற்று, அதுவே நிலைத்தது. சீனர்கள் அந்தத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக 1852இலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் மூன்று டாலர் கூலி. ஃபிஜியையும் நேட்டாலையும் அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அபானாவுக்கு மூன்று வயதானபோது குடும்பம் சீனாவுக்குத் திரும்பியது. பத்து வயதளவில் உறவினர் ஒருவருடன் அவர் மீண்டும் ஹவாய்க்கு வந்து சேர்ந்தார்.

பள்ளிப்படிப்பு இல்லை. குதிரை லாயத்தில் வேலை செய்தார், மாடு மேய்த்தார். ஹவாயின் மாட்டுக்காரர்களை 'பனியோலோ' என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவர்களிடம் குதிரையேற்றமும் கயிறு வீச்சும் கற்ற மரபு அவர்களுடையது. அபானாவின் சவுக்கு அங்கிருந்து வந்தது. 1897இல் விலங்குகளை வதைப்போரைப் பிடிக்கும் வேலை கிடைத்தது. குதிரையை அடிப்பவர்களைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவர் அடுத்த ஆண்டு காவல்துறைக்குள் வந்தார்.

அந்த ஆண்டு எது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசி லிலியுஓகலானியை 1893இல் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் ஆட்சியிலிருந்து இறக்கினர். அமெரிக்கப் போர்க்கப்பலின் சிப்பாய்கள் அப்போது கரையில் நின்றனர். 1898இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தீவுகளுக்கும் வந்தது. சீனர் வராமலிருக்கச் சட்டம் போட்ட அரசே, ஏற்கெனவே வந்த சீனரைக் கண்காணிக்க ஒரு சீனரின் காலையும் காதையும் நம்பியிருந்தது.

அபானாவின் களம் சைனாடவுன். சூதாட்ட விடுதிகளும் அபினிக் கிடங்குகளும் நிறைந்த சந்துகள். வெள்ளை அதிகாரி தலைகாட்டினால் கதவுகள் மூடிக்கொள்ளும். அபானா சீனம் பேசினார், ஹவாய் மொழி பேசினார், எல்லோரும் கலந்து பேசும் பிட்ஜினும் பேசினார். ஆங்கிலம் எழுதப் படிக்க வராது. வழக்கு விவரங்களை நினைவில்தான் வைத்திருந்தார். ஒருமுறை எழுபது சூதாடிகளைத் தனியாளாக, சவுக்கு ஒன்றையே காட்டி, வரிசையாக நடத்திக் காவல்நிலையம் கொண்டுவந்தார் என்ற கதை ஊரில் நிலைத்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து வீசப்பட்டும் பூனைபோல் காலூன்றி நின்றார் என்றும் சொல்வார்கள். இவற்றில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

முகத்தில் இருந்த தழும்பு மிகையல்ல. தொழுநோய் கண்ட ஒருவரைப் பிடிக்கப் போன இடத்தில் அரிவாள் வெட்டு விழுந்தது. தொழுநோயாளிகளை 1866 முதல் மொலோகாய் தீவின் கலாவுபாப்பாவுக்கு நாடுகடத்தி வந்தார்கள். ஒரு நூற்றாண்டில் எண்ணாயிரம் பேருக்கு மேல் அங்கே அனுப்பப்பட்டனர், பெரும்பாலோர் ஹவாய்க்காரர்கள். ஹவாய் மக்கள் அந்த நோயைப் 'பிரிக்கும் நோய்' என்றார்கள். பிரித்தது நோய் மட்டுமல்ல, கதவைத் தட்டிய காவலரும்தான். அரிவாளை ஓங்கியவரின் பயத்தை நாம் புரிந்துகொள்ளலாம். அபானாவின் துணிச்சலைப் போற்றுகிற எந்த வரலாறும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அவர் அமல்படுத்திய சட்டங்களை அவரோ அவருடைய மக்களோ இயற்றவில்லை.

ஓஹையோவில் பிறந்த எழுத்தாளர் எர்ல் டெர் பிகர்ஸ் 1920இல் ஹவாய்க்கு விடுமுறைக்கு வந்துபோனவர். பின்னர் நியூயார்க் பொது நூலகத்தில் ஹொனலுலு நாளிதழ் ஒன்றில் சீனக் காவலர்கள் பற்றிய சிறு செய்தியைப் படித்ததாகச் சொன்னார். 1925இல் அவர் நாவலில் சார்லி சான் தோன்றினார். பருத்த உடல், பணிவான குனிவு, உடைந்த ஆங்கிலத்தில் பழமொழிகள். அபானாவோ ஒல்லி, பழமொழி பேசிக் கைது செய்தவரும் அல்லர். ஆறு நாவல்களும் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களும் வந்தன. பெரும் வெற்றி கண்ட படங்களில் சானாக நடித்தவர் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். அவருக்குப் பின் சிட்னி டோலர் என்ற வெள்ளை அமெரிக்கர். மூத்த மகனாக நடித்தவர் மட்டும் உண்மையான சீனர், கீ லூக். மகன் சரளமான அமெரிக்க ஆங்கிலம் பேசுவார். அப்பா திக்கித் திணறுவார். அப்பாவின் உச்சரிப்பைப் பள்ளி நண்பர்கள் கேலி செய்யக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் வலியை விளக்க வேண்டியதில்லை. பிற்காலச் சீன அமெரிக்க எழுத்தாளர்கள், குறிப்பாக ஃபிராங்க் சின், சார்லி சானைக் கடுமையாகச் சாடினார்கள்.

ஆனால் அபானாவுக்கு அந்த வேடம் பிடித்திருந்தது என்பார்கள். 1931இல் ஹொனலுலுவில் படப்பிடிப்பு நடந்தபோது போய் நின்று பார்த்தார். ஓலண்டுடன் படம் எடுத்துக்கொண்டார். ஊரார் அவரைச் சார்லி சான் என்று கூப்பிட்டபோது மறுக்கவில்லை. இது ஏமாந்துபோன முதியவரின் பெருமையா? பெயரே தெரியாமல் போயிருக்க வேண்டிய தோட்டக் கூலியின் மகன், தன்னை உலகம் எப்படியோ அறிந்துகொண்டதில் கண்ட மகிழ்ச்சியா? அவர் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்த பிகர்ஸே எழுதினார். அவர்கள் இருவரும் 1933ஆம் ஆண்டிலேயே இறந்தனர்: பிகர்ஸ் ஏப்ரலில், அபானா டிசம்பரில்.

2010இல் யுன்ட்டே ஹுவாங் என்ற சீன அமெரிக்கப் பேராசிரியர் அபானாவின் வாழ்க்கையையும் சானின் கதையையும் சேர்த்து நூலாக்கினார். அபானா இறந்து எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் வீடுகளிலும் இப்படி எழுதப்படாத உத்தியோகக் கதைகள் உண்டு: மலாயாவில் போலீஸ்காரராக இருந்த பாட்டனார், தோட்டத்தில் கங்காணியாக இருந்த பெரியப்பா. அவர்கள் யாருக்காகத் தடியைப் பிடித்தார்கள், யார் முதுகில் அது விழுந்தது என்று கேட்கத் தயங்குகிறோம். கேட்காவிட்டால் அந்த இடத்தை வேறு யாராவது ஒரு நாவலால் நிரப்பிவிடுவார்கள்.

அபானாவின் உடல் மனோவா பள்ளத்தாக்கின் சீன மயானத்தில் இருக்கிறது.